மேலே டிரையர், கீழே வாஷர்: பழைய அமெரிக்க அடுக்கு மெஷின் சின்ன வீட்டுக்குச் சரிப்படுமா?

இங்கே ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இவ்வளவுதான்: 650 சதுர அடி ஃபிளாட், பால்கனி கிடையாது, அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் பழைய அடுக்கு மெஷினைப் பன்னிரண்டாயிரத்துக்குத் தருகிறார், வாங்கலாமா? ஏற்கெனவே மூன்று பேர் "சூப்பர் டீல், விடாதீங்க" என்று பதில் போட்டிருக்கிறார்கள். அந்த மூவர் வீட்டிலும் அது இல்லை என்று அடித்துச் சொல்வேன். என் வீட்டில் இருக்கிறது. இருபது வருஷமாக.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். உடனே "செட்டியார் வீட்டுக்காரர் சின்ன வீட்டைப் பற்றிப் பேச வந்துட்டார்" என்று யாரும் கீழே எழுத வேண்டாம். வீடு பெரிசுதான். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் புழக்கடை. ஆனால் இன்றைக்கு அதில் பதினேழு பங்கு. எங்கள் பங்குக்கு வந்தது வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கட்டில், ஓர் இரட்டை வீடும் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறை), அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டில் ஓர் அறையும். நாங்களே பூட்டி நாங்களே திறந்துகொள்வது அவ்வளவுதான், மற்றதெல்லாம் பொது. உங்கள் 650 சதுர அடி எனக்கு அரண்மனை.

2005 ஐப்பசியில் ஆத்தா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அந்த வருஷ மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தமிழ்நாடே மிதந்தது. படுக்கையிலேயே எல்லாம். ஒரு நாளைக்கு நாலு விரிப்பு, சில நாள் ஆறு. ஆள் வைத்துத் துவைத்திருக்கலாமே என்பீர்கள். துவைக்க ஆள் இருந்தது. காயப்போட வெயில் இல்லை. அமெரிக்காவிலிருந்து திரும்பிச் சென்னையில் இருந்த அண்ணன், கன்டெய்னரில் வந்து சும்மா கிடந்த அந்த மெஷினை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். நாலு பேர் தூக்கி வந்தார்கள். மேலே டிரையர், கீழே வாஷர், இரண்டும் ஒரே உடம்பு. அகலம் 24 அங்குலம்.

இந்த ஜாதி மெஷின் அமெரிக்காவில் அபார்ட்மென்ட் அலமாரிக்குள் நிற்பதற்கென்றே பிறந்தது. 1970களில் ஃப்ரிஜிடேர் 'ஸ்கின்னி மினி' என்று ஒன்று விட்டது. அப்போது ஃப்ரிஜிடேர், கார் செய்கிற ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்தது, 1979ல்தான் விற்றார்கள். பிறகு வேர்ல்பூலின் 'தின் ட்வின்'. எங்களுடையது எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். தப்பு கம்பெனி மேல் இல்லை, அதை இங்கே கொண்டுவந்தவர்கள் மேல்.

முதலில் வந்த எலக்ட்ரீசியன் நேராக நம் 230 வோல்ட்டில் சொருகினார். வாஷர் ஒரு உறுமல் உறுமியது, பின்னாலேயே கருகல் வாடை. பாய்ந்து அணைத்தோம், பிழைத்துக்கொண்டது. அடுத்து வந்தவர் மில்லில் மோட்டார் பார்த்துப் பழகியவர். டார்ச் அடித்து முதுகுத் தகட்டைப் படித்தார். வாஷருக்கு 120 வோல்ட். டிரையரில் ஹீட்டருக்கு 240, அதே டிரையரின் மோட்டாருக்கு 120. எல்லாமே 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அறுபது தடவை அலையடிக்கும் கரண்ட். "டிரான்ஸ்ஃபார்மர் போட்டா வோல்ட் குறையும். ஹெர்ட்ஸை அது தொடாதுங்க. நம்ம கரண்ட் 50" என்றார். நான் எலக்ட்ரீசியன் இல்லை, அவர் சொன்னதையும் நான் கண்டதையும்தான் எழுதுகிறேன். டிரையரைப் பிரித்து ஹீட்டரைத் தனியாக, மோட்டாரை டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தனியாக ஒயர் இழுத்தார். ஹீட்டர் மட்டும் ஐயாயிரம் வாட்டுக்குப் பக்கம், இருபது ஆம்பியருக்கு மேல். உங்கள் வீட்டு கீசர் பாயின்ட் 16 ஆம்பியர்தான். யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஓடியது. எப்படி ஓடியது? இந்த மோட்டார் ஹெர்ட்ஸுக்கேற்பத்தான் சுற்றும், 60க்குப் பதில் 50 கொடுத்தால் ஆறில் ஐந்து பங்கு வேகம். டைமருக்குள் இருப்பதும் ஒரு குட்டி மோட்டார்தான், அதுவும் அதே சோம்பல். முப்பது நிமிஷம் என்று திருப்பினால் முப்பத்தாறு நிமிஷம். கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பிழியும் வேகமும் குறைந்ததால் துணி ஈரம் சொட்டச் சொட்ட மேலே போகும். ஈரம் கூடினால் டிரையர் கூடுதல் நேரம் ஓடும், மீட்டர் கூடுதல் வேகமாகச் சுற்றும். மோட்டாரும் சூடாகி, ரெண்டு தடவை ஓடினால் தானே நின்றுவிடும். தொட்டால் கை பொறுக்காது. அரை மணி கழித்துத்தான் எழுந்திருக்கும். "அதுக்கும் மத்தியானத் தூக்கம் வேணுமாக்கும்" என்பாள் என் மனைவி.

இத்தனைக்கும் அதை நிறுத்தவில்லை. மழை விட்டு, தை பிறந்து, முற்றத்தில் வெயில் கொட்டியபோதும் நிறுத்தவில்லை. ஏன் என்று இங்கேயும் ஒருவர் கேட்பார். வளவு முற்றம் பொது. அங்கே கொடியில் படுக்கைத் துணி தொங்கினால் பங்காளி வீட்டில் யாரும் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள், சுற்றிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். ஆத்தா அதைப் படுத்த இடத்திலிருந்தே பார்த்திருக்கிறாள். "என் துணியை வளவுல காயப்போடாதப்பா" என்று ஒரு நாள் சொன்னாள். ஆறு மாசத்தில் என்னிடம் அவள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆனால் டிரையருக்கு மூச்சு விட வழி வேண்டும். உள்ளே போகும் காற்று ஈரத்தையும் பஞ்சுத்தூசியையும் சுமந்துகொண்டு 4 அங்குலக் குழாய் வழியாக வெளியே போயாக வேண்டும். அறைக்குள்ளேயே விட்டால் சுவர் வியர்க்கும், தூசி சேர்ந்தால் தீப்பிடிக்கும். சுவரில் ஓட்டை போடக் கேட்டேன். பதினேழு பங்கில் பதினோரு பங்கு ஃபோனிலேயே மறுத்தது. முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவராம், ஐயா (தாத்தா) காலத்துப் பாரம்பரியமாம். கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள்.

சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் விட வேண்டும், பங்குக்கு இவ்வளவு அனுப்புங்கள் என்று வருஷா வருஷம் எழுதுகிறேன். அனுப்புவது நாலு பேர். சினிமாக்காரர்கள் ஒரு வாரம் வீட்டை எடுத்தால் அந்த வாடகையைக் கணக்குக் கேட்க பதினேழு ஃபோனும் வரும். 2014ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்த பிறகு இன்னும் மோசம். வாட்ஸாப்பில் முகப்புத் தூணைப் படம் போட்டுப் பெருமைப்படுகிறார்கள். அந்தத் தூணுக்கு மேலே ஒழுகுகிறது.

சுவர் கிடைக்காததால் ஜன்னலில் ஒரு பலகை அடித்து, அதில் வட்டம் வெட்டிக் குழாயை வெளியே விட்டேன். அந்த ஜன்னல் திறப்பதும் ஒரு முற்றத்தைப் பார்த்துத்தான். மாசி மாசம், பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் வீட்டு அண்ணமிண்டி, அதாவது அண்ணி, அங்கே பாய் விரித்துக் கூழ்வற்றல் பிழிந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. மெஷின் ஒரு மணி நேரம் ஓடியது. போய்ப் பார்த்தால் வற்றல் எல்லாம் மீசை முளைத்தாற்போல் வெள்ளைத் தூசி. கொடியில் தொங்கக்கூடாது என்று ஆத்தா நினைத்தது வற்றல் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அண்ணமிண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். சித்திரையில் ஆத்தா தவறியபோதுதான் மறுபடி எங்கள் அறைக்கு வந்தார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விலையைப் பார்க்காதீர்கள், முதுகுத் தகட்டைப் பாருங்கள். 120/240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். "சவுதியிலிருந்து வந்தது, கல்ஃப் மாடல்" என்பார்கள். சவுதியும் 60 ஹெர்ட்ஸ்தான். துபாய், சிங்கப்பூர், மலேசியாவுக்கென்று செய்த மெஷின் என்றால் 50 ஹெர்ட்ஸ், நம் கரண்டுக்கு ஒத்துப்போகும். (எங்கள் ஐயா மாதிரி அண்ணனும் மலேயாவுக்கே போயிருக்கலாம்.) அப்போதும் குழாய் வெளியே போக உங்கள் சுவரில் இடம் இருக்கிறதா, அசோசியேஷன் விடுமா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். குழாய் உலோகத்தில் இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். தூசி வலையை ஒவ்வொரு தடவையும் துடையுங்கள்.

இடம்தான் கவலை என்றால், இப்போது வரும் ஃப்ரன்ட் லோடு மெஷின் மேல் அதே கம்பெனி ஹீட் பம்ப் டிரையரை ஏற்ற அடுக்குச் சட்டம் விற்கிறார்கள். 60 சென்டிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட அதே 24 அங்குலம்தான். குழாயே வேண்டாம், ஈரம் தொட்டியில் தண்ணீராகச் சேரும், கரண்டும் பழசில் பாதிகூட ஆகாது. விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன்.

பழைய சாமான் மோகம்தான் காரணம் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்து ஒரு எனாமல் தூக்கு வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே ஒரு கடைக்காரரை என் மெஷினைப் பார்க்கக் கூட்டி வந்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் செம்புக்கு மட்டும் விலை சொன்னார். கொடுக்கவில்லை.

இப்போதும் கார்த்திகை மழையில் ரெண்டொரு நாள் ஓட்டுவோம். 2011ல் டிரம்மைச் சுற்றி ஓடும் அந்த நீள பெல்ட் அறுந்தது, இங்கே எங்கும் கிடைக்கவில்லை. அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது பெட்டிக்குள் ரெண்டு வைத்துக் கொண்டுவந்தான். ஒன்று மாட்டியாயிற்று, இன்னொன்று உறை பிரிக்காமல் இருக்கிறது. இவ்வளவு சொன்ன பிறகும் வாங்கியே தீருவீர்கள் என்றால் தகட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். மாடல் ஒத்துப்போனால் அந்த பெல்ட்டைத் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.