டீம் லீடர் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டுமா?

புராஜெக்ட் குழுவில் யாரும் ஒத்துழைப்பதில்லை, கடைசியில் எல்லாம் உங்கள் தலையில்தான் விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை நள்ளிரவில் உட்கார்ந்து மாற்றி எழுதுவதாகவும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்று தெரிந்தபின் யார் மெனக்கெட்டு எழுதுவார்கள்?

மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்துச் செய்த சோதனைகளின் முடிவை 1913இல் வெளியிட்டார். 8 பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒருவர் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆளுக்கு வந்தது. சோம்பல் மட்டும் காரணமில்லை. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததும் காரணம். உங்கள் குழுவிலும் இரண்டும் கலந்திருக்கும். ‘எல்லாரும் சேர்ந்து அறிக்கையை முடிப்போம்’ என்று பொதுவாகச் சொன்னால் யாரிடமும் சொல்லாத மாதிரிதான். தரவு சேகரிப்பது யார், வரைபடம் யார், என்றைக்குள் என்று பெயரும் தேதியும் போட்டு எல்லாரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். வந்ததில் குறை இருந்தால் குறித்து அவரிடமே திருப்பிக் கொடுங்கள். நீங்களே திருத்தினால் சீக்கிரம் முடியும்தான். அந்தச் சீக்கிரம்தான் உங்களை மாட்டிவைத்திருக்கிறது.

அதற்காக எதற்கெடுத்தாலும் வாக்கெடுப்பு வேண்டாம், உத்தரவு மட்டும் போடுவதும் வேண்டாம். 1930களின் இறுதியில் உளவியலாளர் கர்ட் லெவினும் சகாக்களும் சிறுவர் குழுக்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். உத்தரவு மட்டுமே போட்ட பெரியவர் அறையில் இருந்தவரை பிள்ளைகள் நன்றாகவே வேலை செய்தார்கள். அவர் வெளியே போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசி முடிவெடுத்த குழுவில் பெரிய மாற்றமில்லை. என்ன செய்வது, யார் செய்வது என்பதைச் சேர்ந்து பேசுங்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போய்க் கெடு நெருங்கினால் முடிவு உங்களுடையது. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் அதிகாரம் காட்டுவதாகப் படும்.

அப்புறம், நேர்காணலில் இந்த அனுபவம் எடுபடுமா என்று கேட்டீர்கள். எடுபடும். ஆனால் எல்லாம் நானே செய்தேன் என்றால், இவரோடு வேலை செய்வது கஷ்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். எல்லாரும் செய்தோம் என்று மட்டும் சொன்னால், சரி, அதில் உங்கள் பங்கு என்ன என்று அடுத்த கேள்வி வரும். பின்தங்கியவரை எப்படி வேலைக்குள் கொண்டுவந்தீர்கள், எந்த முடிவை நீங்கள் எடுத்தீர்கள், யார் சொன்னதைக் கேட்டு உங்கள் கருத்தை மாற்றிக்கொண்டீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் வைத்திருங்கள். மூன்றாவதற்கு இப்போது உங்களிடம் பதில் இருக்காது என்று நினைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசிப் பாருங்கள்.