மகளின் மோதிரம் தலைகீழாக இல்லை

வணக்கம் சகோதரி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் கல்லூரி மோதிரத்தைத் தலைகீழாக அணிகிறாள், திருப்பிப் போடச் சொன்னால் மறுக்கிறாள் என்று வருந்தியிருந்தீர்கள். தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். அவள் செய்வதுதான் சரி. படிக்கும்வரை மோதிரத்திலுள்ள ஆண்டு எண் அணிந்தவரை நோக்கி இருக்க வேண்டும்; படிப்பு முடியும் தறுவாயில், அதற்கென்றே நடக்கும் நடன விழாவில் உலகை நோக்கித் திருப்புவார்கள். அந்த நாளுக்காகத்தான் அவள் காத்திருக்கிறாள்.

அமெரிக்காவில் கல்லூரி மோதிரம் அணியும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் 1835-ஆம் ஆண்டு மாணவர்கள். உங்கள் மகளின் கல்லூரிக்கு 1889-இல் வந்தது. 1894-இல் அமைந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. 90 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பலகு) முடித்தவர்களுக்கே கிடைக்கும் என்பதால் அதை வெறும் நகையாக எண்ணாதீர்கள்.

அடுத்த வீடியோ அழைப்பில் மோதிரத்தைக் கேமராவுக்கு அருகில் காட்டச் சொல்லுங்கள். மேலே கழுகு, கேடயத்தில் 13 கோடுகள், அமெரிக்காவின் முதல் 13 மாநிலங்களுக்காக. ஒரு பக்கவாட்டில் பீரங்கி, வாள், துப்பாக்கி. மறுபக்கம் ஆலிவ், லாரல் இலைகள் சூழ்ந்த ஒற்றை நட்சத்திரம். எனக்கு மிகவும் பிடித்தது அந்த இலைப் பக்கம்தான். ஒவ்வொன்றாக அவளையே விளக்கச் சொல்லிக் கேளுங்கள், மகிழ்ந்துபோவாள்.