தாப்பாவில் மனநல வேலை: தங்கச்சிக்கு என் பதில்

கோயம்புத்தூரில் உளவியல் முதுகலை முடித்திருப்பதாகவும், கணவருக்கு மலேசியாவில், ஈப்போவில் வேலை என்றும், தோட்டத்துத் தமிழர்களிடமும் பூர்வகுடி மக்களிடமும் வேலை செய்ய என்ன பயிற்சி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஈப்போ இருக்கும் அதே பேராக் மாநிலத்தில், தாப்பா என்ற இந்த ஊருக்கு நான் வந்து பதினேழு வருடம் ஆகிறது தங்கச்சி.

முதலில் பதிவு விஷயம். மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்காக இங்கே 2016-இல் வந்த 774-ஆம் சட்டம் 2020 ஜூலையில் அமலானது. அதன்படி மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கப் பதிவு வேண்டும். ஆலோசகர்களுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஊர்ப் பட்டத்தை மட்டும் நம்பி வந்துவிடாதீர்கள். நான் இங்கேயே மறுபடி படித்துத்தான் பதிவு வாங்கினேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். தமிழ் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன். "மனச்சோர்வு" என்று தோட்டத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "நெஞ்சு படபடங்குது, ராத்திரி தூக்கமே இல்ல" என்பார்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மருந்தடிக்கும் ஒரு அக்கா மூன்று வாரம் முதுகுவலியை மட்டுமே பேசினார். நான்காவது வாரம் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிட மாட்டீங்களே?" என்றார். 1911-இலிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே இங்கே பைத்தியம் என்றுதான் பொருள். அந்தப் பயம் தெளிந்த பிறகுதான், துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த களைக்கொல்லிப் போத்தலைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கே அவர் தம்பியை வரவழைத்து அதை வீட்டிலிருந்து எடுக்கவைத்தோம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020-இல் தடைசெய்துவிட்டார்கள். ஆனாலும் வீட்டில் விஷம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கப் பழகுங்கள். தற்கொலைக்கு முயல்வது 2023 வரை இங்கே குற்றமாக இருந்தது. போலீசுக்குப் பயந்து மறைத்த பழக்கம் இன்னும் போகவில்லை.

கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரம் செமாய் என்ற பூர்வகுடி மக்களின் கம்பங்கள், அதாவது கிராமங்கள், இருக்கின்றன. அங்கே மலாய் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பூர்வகுடிகளை ஒராங் அஸ்லி என்று ஒரே பெயரில் சொன்னாலும் தீபகற்பத்தில் மட்டும் 18 இனங்கள். ஒரு முறை அங்கே ஒரு குழந்தையிடம், அடுத்த வாரம் கலர் பென்சில் கொண்டுவருகிறேன் என்றேன். வண்டி கிடைக்காததால் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனபோது பாட்டி என் முகத்தையே பார்க்கவில்லை. கூட வந்த தாதிதான் விளக்கினார். மனதார ஆசைப்பட்டது கிடைக்காமல் ஏங்குகிறவருக்கு நோயோ விபத்தோ வரும் என்பது செமாய் நம்பிக்கை, அதற்குப் 'பெஹுனான்' என்று பெயர். நான் அந்தக் குழந்தையை ஆபத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்! இது எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை. பயிற்சிக் காலத்தில் பாதியாவது கம்பத்திலும் தோட்டத்திலும் கழிய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மலாயை இப்போதே தொடங்குங்கள். வந்ததும் கொஞ்ச நாள் கேள்வித்தாளை எடுக்காமல், தாதிகளோடு வீடுவீடாகப் போங்கள். ஈப்போ வந்து இறங்கியதும் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை நானே கூட்டிப்போகிறேன். தேதியை மட்டும் உறுதியாக முடிவுசெய்துகொண்டு சொல்லுங்கள், அதற்கப்புறம்தான் பாட்டியிடம் நான் வாய் திறப்பேன்.