பாரிடோனைக் கேட்பது – கடிதம்

வணக்கம்.

அரிய வாத்தியங்களின் இசைப்பதிவுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹைடன், பாரிடோன் என்ற வாத்தியத்துக்கு எழுதிய டிரியோக்களை (மூவர் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) ஒரு வாரம் விடாமல் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஏமாற்றம்தான். ஒலி மெலிந்து கிடக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் கம்பி உரசும் ஓசை காதைக் குத்துகிறது. எல்லாம் ஒரே மாதிரி வேறு இருக்கிறது. ஒரு வாத்தியம் வழக்கொழிந்தால் அதற்குக் காரணம் இருக்கும்தானே? மறக்கப்பட்ட படைப்புக்கும் அப்படித்தான். காலம் சலித்துத் தந்த அரிசியே மலையாகக் குவிந்திருக்கும்போது உமியை ஏன் கிளற வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு வாரம் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. சத்தத்தைக் கூட்டினேன் என்கிறீர்கள் பாருங்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.

பாரிடோன் என்றால் பாடகர்களின் குரல்வகை நினைவுக்கு வரும். இது வேறு. வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவின் அளவில், முழங்கால்களுக்கிடையே பிடித்து வாசிக்கும் வில் வாத்தியம். முன்பக்கம் ஆறேழு நரம்புத் தந்திகள், வில் அவற்றின்மேல்தான் ஓடும். கழுத்துக்குப் பின்னால் ஒரு வரிசை உலோகக் கம்பிகள். முன்தந்தி ஒலிக்கும்போது அவை தொடாமலே கூட அதிரும். கழுத்தின் பின்பக்கம் திறந்திருப்பதால், வாசிப்பவர் இடதுகைக் கட்டைவிரலால் அந்தக் கம்பிகளை மீட்டவும் முடியும். அதே கையின் மற்ற விரல்கள் முன்னால் தந்தியை அழுத்திக்கொண்டிருக்கும், வலதுகை வில்லை இழுத்துக்கொண்டிருக்கும். எந்தக் கம்பியை மீட்ட வேண்டும் என்பதை ஹைடன் சுரங்களின் கீழே எண்களாகக் குறித்திருக்கிறார்.

இதை வாசித்தவர் அவருடைய எஜமானர், இளவரசர் நிகோலஸ் எஸ்தர்ஹாஸி. 1765-இல், இன்னும் ஊக்கமாக எழுது, முக்கியமாக என் வாத்தியத்துக்கு எழுது என்று ஹைடனுக்கு எழுத்தில் உத்தரவே போனது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் 126 டிரியோக்கள். பெரும்பாலானவை பாரிடோன், வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் தாழ்ந்தது), செல்லோ என்ற சேர்க்கைக்கு. வயலினே இல்லை. மேலே பளபளக்கும் குரல் ஒன்றுமில்லாமல் மூன்று நடுக்குரல்கள் தாழ்ந்து பேசிக்கொள்வதுபோல ஒரு நிறம் இதனால் வருகிறது. உங்களுக்கு மெலிந்து கேட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் ஒரே மாதிரி என்பதில் பாதி சரி. இளவரசருக்குக் கைவந்த சுருதிகளுக்குள்தான் ஹைடன் எழுதியாக வேண்டும். ஏ, டி, ஜி மேஜர் என்று திரும்பத் திரும்ப வரும். 126-ஐயும் ஒருவர் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும் என்று ஹைடன் ஒருநாளும் எண்ணியிருக்க மாட்டார். ஒரு மனிதர் தன் அறையில், தன் இரண்டு கலைஞர்களோடு உட்கார்ந்து வாசிப்பதற்காக எழுதப்பட்டது இது. அங்கே கேட்பவர் என்று யாரும் இல்லாமலும் இருக்கலாம்.

சலிப்பதைப் பற்றி. சல்லடை ஒன்று இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது எதைச் சலித்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரங்கங்கள் பெரிதாகின. கடைசி வரிசைவரை போய்ச் சேராத வாத்தியங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சல்லடையின் கண் ஒலியின் பருமனைத்தான் அளந்தது, இசையின் தரத்தை அல்ல. ஒலிவாங்கி வந்தபிறகு அந்தக் காரணமே இல்லாமல் போய்விட்டது. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டிய வாத்தியத்தை ஒரு கை தூரத்திலேயே நமக்குக் கேட்கக் கொடுக்கிறது ஒலிப்பதிவு. இந்த இசைக்கு மேடையைவிடக் குறுந்தகடுதான் சரியான வீடு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தது பாரிடோன் அல்ல, இசையமைப்பாளர் ஷூபர்ட் ஆர்பெஜியோனே என்ற வாத்தியத்துக்கும் பியானோவுக்கும் எழுதிய சொனாட்டா. 1823 வாக்கில் வியன்னாவில் ஸ்டாஃபர் என்ற கிட்டார் செய்பவர் உருவாக்கிய வாத்தியம் ஆர்பெஜியோனே. ஆறு தந்தி, கிட்டாரின் சுருதி, கழுத்தில் வீணையில் இருப்பதுபோல மெட்டுகள், ஆனால் வில்லால் வாசிப்பது. 1824 நவம்பரில் ஷூபர்ட் அதற்கு எழுதினார். அச்சில் வந்தது 1871-இல். அதற்குள் வாத்தியம் போய்விட்டது. இன்று செல்லோவிலும் வயோலாவிலும் வாசிக்கிறார்கள்.

நானும் ராஸ்ட்ரபோவிச்சின் செல்லோவில்தான் கேட்டு வளர்ந்தேன். பெஞ்சமின் பிரிட்டன் பியானோ. இப்போதும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முதல் பகுதியின் நடுவில் ஓர் இடம் உண்டு. பியானோ மெட்டை எடுத்துக்கொள்ள, செல்லோ வில்லை நிறுத்திவிட்டுத் தந்திகளை விரலால் மீட்டும். ஷூபர்ட் இங்கே ஏன் இதை வைத்தார் என்று எனக்குப் பல வருடம் விளங்கவில்லை. செல்லோவில் அது கொஞ்சம் கனமாக, கதவைத் தட்டுவதுபோல விழும். அப்புறம் கிளாவுஸ் ஷ்டோர்க் 1970-களில் உண்மையான ஆர்பெஜியோனேயில் வாசித்த பதிவு கிடைத்தது. அந்த இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது கிட்டார்! அவ்வளவுதான் விஷயம். வில் ஏந்திய கிட்டார் ஒரு நிமிடம் தன் பழைய தொழிலுக்குத் திரும்புகிறது. வாத்தியம் மறைந்தபோது அந்த அர்த்தமும் சேர்ந்தே மறைந்திருந்தது.

எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன். பேத்தோவனின் ஆசிரியர்களில் ஒருவரான ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் மோர்சிங்குக்குக் கான்செர்ட்டோக்கள் (தனிவாத்தியம் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) எழுதியிருக்கிறார். ஆம், பல்லில் வைத்து வாசிக்கும் அதே மோர்சிங். அதன் நாக்கு ஒரே சுருதியில்தான் அதிரும். வாயின் குழிவை மாற்றி மாற்றி அதன் மேற்சுரங்களைப் பொறுக்கியெடுத்தே மெட்டு கட்ட வேண்டும். பெரிய இசை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல மெட்டுகளை ஒரேநேரத்தில் பின்னும் எதிரிசையில் தேர்ந்த ஒரு வல்லுநர் அத்தனை குறுகலான சந்துக்குள் எப்படித் திரும்பினார் என்று பார்க்க எனக்குப் பிடிக்கும்.

சரி, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இளவரசரின் பெயரையே வைத்துக்கொண்ட நம் காலத்து எஸ்தர்ஹாஸி இசைக்குழுவினர் ஹைடனின் பாரிடோன் படைப்புகள் முழுவதையும் 21 குறுந்தகடுகளில் பதிவுசெய்திருக்கிறார்கள். மொத்தமாக வேண்டாம். இளவரசரின் பிறந்தநாளுக்கென்று எழுதப்பட்ட 97-ஆம் டிரியோவிலிருந்து தொடங்கி, ஒருநாளைக்கு ஒன்று. இரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒலியை நீங்கள் வழக்கமாக வைப்பதில் பாதிக்குக் கொண்டுவாருங்கள். முதல் சில நிமிடம் காது தேடும், பிறகு தானாகப் படிந்துவிடும். ஏதோ ஒரு நாள், வில்லோசை ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு கம்பி தனியாக, மணி தொட்டதுபோலக் கேட்கும். அதுதான் அந்தக் கட்டைவிரல்.