ரிட்ஜ் காட்டில் மாசியும் பங்குனியும்: தில்லிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, தில்லியில் முதல் குளிர்காலத்தைக் கடந்துவிட்டீர்கள். 'இங்கே வசந்தம் என்கிறார்களே, அதை எங்கே பார்ப்பது? ரிட்ஜ் காட்டில் களைச்செடி அகற்றக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?' என்று கேட்டிருந்தீர்கள். ரிட்ஜ் என்பது தில்லிக்குள் நீளும் ஆரவல்லிக் குன்றுத்தொடர். ஆர்.கே.புரத்தில் நெடுநாள் குடியிருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கட்டாயம் போங்கள். ஆனால் முதலில் கொஞ்ச நாள் வெறுங்கையோடு நடந்து செடிகளைப் பழகிக்கொள்ளுங்கள்.

மாசி பாதியில் தொடங்கிப் பங்குனியோடு முடிந்துவிடும் பருவம் இது. இலையுதிர்த்த இலவ மரங்கள் சிவக்கச் சிவக்கப் பூத்திருப்பதை பஸ்ஸில் போகும்போதே காணலாம். மற்றவற்றுக்குக் காட்டுக்குள் இறங்க வேண்டும். வசந்த் விஹாரை ஒட்டிய ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவுக்குப் போங்கள். சுரங்கம் தோண்டிப் பாழாக்கிய நிலத்தைத் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் வளர்ச்சி ஆணையமும் சேர்ந்து மறுபடி காடாக்கிய இடம் அது.

ரிட்ஜில் புதர் புதராக நிற்பது ஆடாதோடை. ஊரில் இருமலுக்குக் கஷாயம் வைப்போமே, அதே செடி. குனிந்து பாருங்கள்: வெள்ளைப் பூவின் கீழிதழில் ஊதா வரிகள் ஓடும். பலாச மரம் கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். மொட்டையான கிளையில் கருவெல்வெட் போன்ற புல்லிவட்டம், அதிலிருந்து வளைந்து நீளும் செம்மஞ்சள் பூ. இந்தப் பூவைக் காய்ச்சித்தான் வடக்கே ஹோலிக்குச் சாயம் எடுத்தார்கள். வழியோரம் மஞ்சளாகப் பூத்திருக்கும் பிரமதண்டு மட்டும் இந்த மண்ணின் செடியல்ல. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது.

அடுத்து, ரிட்ஜையே விழுங்கிய மரம். விலாயதி கீக்கர் என்று இங்கே சொல்வது நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்தைத்தான். ஆங்கிலேயர் காலத்தில் இங்கே பரப்பப்பட்டது. தன்னடியில் வேறு செடி எளிதில் தலையெடுக்க விடாது. நாட்டுக் கருவேலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாட்டு மரத்தின் பூ உருண்டை, காய் மணிமாலை போல இடைசுருங்கியிருக்கும். சீமையின் பூ நீண்ட கதிர், காய் இடைசுருங்காது. இந்த வேறுபாடு பிடிபடாதவர் கையில் வெட்டுக்கத்தி இருப்பது எனக்குச் சம்மதமில்லை. தில்லியில் 1994 ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி எந்த மரத்தையும் வெட்ட முடியாது, சீமைக்கருவேலம் உட்பட. வெட்டினாலும் அடிக்கட்டை துளிர்க்கும். அதனால் கிளைகளை மட்டும் கழித்து வெளிச்சம் விட்டு, கீழே நாட்டு மரங்களை வளர்ப்பதே பொறுமையான, சரியான வழி.

உங்களைப் போன்றவர்களுக்கு உண்ணிச்செடி, அதாவது லன்டானா என்ற களைப்புதரை அகற்றுவதுதான் ஏற்ற வேலை. மேலே வெட்டிவிட்டு வருவதில் பயனில்லை, மறுபடி தழைக்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரைத் துண்டித்து, புதரைத் தூக்கித் தலைகீழாகப் போட வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவும் குழுவினரும் வகுத்த முறை இது. காய் கறுப்பதற்குள் செய்தாக வேண்டும். பழுத்தால் பறவைகள் தின்று விதையைக் காடெங்கும் பரப்பிவிடும். வெறுமையான இடத்தில் உடனே நாட்டுச் செடி நடாவிட்டால் பார்த்தீனியம் வந்து குடியேறும்.

தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, தண்ணீர். உணவுப் பொட்டலம் வேண்டாம், குரங்குகள் விடாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மலை மந்திரில் முருகனைத் தரிசித்துவிட்டு வாசலுக்கு வாருங்கள், சேர்ந்தே போகலாம்.