நீர்முள்ளி என்றால் என்ன? அது ஏன் ஈரக்கரைகளிலேயே தென்படுகிறது?

குளக்கரை, வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு என ஈரம் தங்கும் இடங்களில் தானாக முளைக்கும் முட்செடிதான் நீர்முள்ளி. ஒவ்வொரு கணுவிலும் இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்கும். நடுவே பொதுவாக 6 முட்கள். ஊதா நிறப் பூக்களும் அங்கேயே கொத்தாகப் பூக்கும். முள்ளுக்குப் பயந்து ஆடு மாடு வாய்வைக்கத் தயங்கும்.

எனக்கு வியப்பாக இருப்பது இதன் விதைதான். நனைந்ததும் சப்ஜா விதையைப் போல வழவழப்பான கூழ் அதைச் சூழ்ந்துகொள்ளும். அந்தக் கூழ் ஈரத்தைப் பிடித்துவைக்கும், விதையைச் சேற்றோடு ஒட்டவும் வைக்கும். தண்ணீர் வடியும் கரையில் முளைக்க இது பெரிய உதவி.

அப்புறம், பலர் இதை உப்பங்கழியில் வளரும் கழிமுள்ளி என்றே நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு செடிகள்.