சித்தப்பா பேசி வைத்த சீட்

காங்கேயத்திலிருந்து மகளை அழைத்து வந்திருந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், செயற்கை நுண்ணறிவுப் பிரிவில், நிர்வாக ஒதுக்கீட்டு இடம் இருக்கிறதாம், திருப்பூர்ச் சித்தப்பா பேசி வைத்திருக்கிறார், முன்பணம் கட்டிவிடலாமா? அப்பா கொப்பரைக் களத்தில் கணக்கெழுதுகிறார். பெண் அரசுப் பள்ளியில் படித்தவள். ப்ளஸ் டூ கணக்கில் தேறியதே பெரும்பாடு. நகையை அடகு வைத்து முதல் தவணை, மிச்சத்துக்குக் கல்விக் கடன் என்று ஏற்பாடு.

நல்லதே நடக்கும், தைரியமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அம்மா, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள் என்றுதான் சொன்னேன்.

கணக்கு வராத பெண்ணைக் கணக்கையே அடித்தளமாகக் கொண்ட படிப்பில் நான்கு ஆண்டு உட்கார வைத்தால் மிஞ்சுவது அரியர்தான். பெரியப்பா மகன் பெங்களூரில் கை நிறைய வாங்குகிறான் என்கிறீர்கள். அவன் கணக்கை விரும்பிப் படித்தவன். கல்விக் கடனோ பிள்ளையின் பெயரில் ஏறும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் படிப்பு முடிந்த ஓராண்டில் தவணை கேட்டுக் கடிதம் வரும். சீட் பேசிய சித்தப்பா அந்தத் தவணையைக் கட்ட வரமாட்டார்.

பி.காம்., நர்சிங், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அந்தப் பெண்ணிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டபோது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியை அவளிடம் ஒப்படைத்த வருகைப் பட்டியல் அதில் இருந்தது. யார் எந்த இருக்கை, யாருக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், யாருடைய அப்பாவின் தொலைபேசி எண் மாறிவிட்டது என்று எல்லாவற்றுக்கும் குறிப்பு. அடுத்த பக்கத்தில் கொடுமணல். சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் இருக்கும் அந்த ஊரில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கல்மணி செய்தார்கள், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான், மணிக்கு வேண்டிய பெரில் கல் நம் படியூரில் கிடைப்பது என்று எழுதி, 'நம்' என்பதன் கீழே கோடு போட்டிருந்தாள். காங்கேயம் - திருப்பூர் சாலையில் தினமும் படியூரைக் கடக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த இரண்டு பக்கங்களும் சேர்ந்தால் ஒரு வேலை. கல்விச் சுற்றுலாக் குழுக்களைக் கூட்டிச் செல்லும் வழிகாட்டி வேலை. பயண நிறுவனங்களில் டூர் மேனேஜர் என்பார்கள்.

விடிவதற்கு முன் பள்ளி வாசலில் பஸ் நிற்கும். டிக்கியில் சமையல்காரரின் அண்டாவும் அடுப்பும் ஏறும். தலை எண்ணி, வாந்தி வரும் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து, ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். காலை டிபனை எங்கே, எத்தனை மணிக்குப் போடுவது என்பது அங்கே பெரிய முடிவு. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதும், நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதும் தெரியாமல் திட்டம் போடுபவர் ஐம்பது பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவிடுவார். ஊட்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு.

மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்படும் வண்டியில் ஒரு பள்ளிக்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் பலர் பிள்ளைகளைக் குன்னூரில் ஏற்றி ஊட்டியில் இறக்குகிறார்கள். ஆனால் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த அந்த ரயிலின் விசேஷமான பல்தண்டவாளம் கல்லாறு முதல் குன்னூர் வரைதான். குன்னூரில் ஏறும் பிள்ளைக்கு ரயிலேறிய திருப்தி கிடைக்கும், அதிசயம் கிடைக்காது. வண்டி ஏறுவதற்கு முன்பே நடு தண்டவாளத்தின் பற்களைக் காட்டி, கீழேயிருந்து வரும் எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுவது ஏன் என்று சொல்லத் தெரிந்தவர்தான் வாங்கிய கூலிக்கு ஒழுங்காக வேலை பார்த்தவர். மற்றவர்கள் சாக்லெட் கடையில் இறக்கிவிட்டுக் கமிஷன் வாங்குகிறவர்கள். அந்தக் கமிஷனில் கை வைக்காதே என்று அவளிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

பெண்பிள்ளை ஊர் ஊராகச் சுற்றுவதா என்று சித்தப்பா கேட்பார். பஸ்ஸில் பாதி பெண்பிள்ளைகள்தானே? இரவில் ஒரு மாணவிக்கு வயிற்று வலி என்றால் அறைக்கதவைத் தட்டி உள்ளே போக ஆண் வழிகாட்டியால் முடியுமா? பெண் வழிகாட்டி உடன் வருகிறார் என்றால் பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது தலைமையாசிரியருக்குச் சுலபம்.

இது முழு ஆண்டு வேலை அல்ல. அரையாண்டுத் தேர்வு முடிந்து பிப்ரவரி வரை பள்ளிகள், இடையிடையே தொழிற்சாலைகளைப் பார்க்கப் போகும் கல்லூரிகளின் ஐ.வி. பயணங்கள், கோடையில் முகாம்கள். ஜூன், ஜூலையில் தொலைபேசி மணியே அடிக்காது. நாள் சம்பளமும் பேட்டாவும்தான் வருமானம். அதை மட்டும் நம்பி இப்போதே குடும்பக் கணக்குப் போடக் கூடாது. ஆகவே அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேரட்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். நகை பெட்டியிலேயே இருக்கும். வருகைப்பதிவு 75 சதவீதம் கட்டாயம், அதனால் படிக்கும்போது விடுமுறைப் பயணங்களும் சனி, ஞாயிறு ஒருநாள் பயணங்களும் மட்டும். மூன்றாண்டில் பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் பட்டம் கையில் இருக்கும், கடன் இருக்காது.

ஒரு குழப்பம் வேண்டாம். குழுவை அழைத்துச் செல்வது வேறு, மாமல்லபுரம் போன்ற தொல்லியல் சின்னங்களில் கைடாக நிற்பது வேறு. இரண்டாவதற்கு உரிமம் வேண்டும். அதைப் பட்டத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சான்றிதழ் படிப்புகள் இருக்கும்போது, வேலை உத்தரவாதம் என்று பலகை வைத்து லட்சம் கேட்கும் டிப்ளமாவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

முதல் சீசனுக்குப் பயண நிறுவனத்தைத் தேடும்போது அப்பாவும் கூடப் போகட்டும். இரவில் அவள் யாருடன் தங்குவாள், காப்பீடு உண்டா, ஓட்டுநர் இரவு முழுக்க ஓட்டுவாரா, பயணம் ரத்தானால் அன்றைய சம்பளம் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று ஏதாவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.